தோட்டப்புறத் துப்பறியும் நாவலுக்கு எந்தத் திருவிழா?

ஆங்கிலத்தில் ‘கோசி மிஸ்டரி’ என்று ஒரு வகை நாவல் உண்டு. கொலை நடக்கும், ஆனால் ரத்தம் வாசகர் கண்ணில் படாது. துப்பறிகிறவர் ஊரில் வேறு பிழைப்புப் பார்ப்பவர்: தையல்கார அக்கா, ஓய்வு பெற்ற டீச்சர், பலகாரம் போட்டு விற்கிறவர். ஊர் சின்னது. கொலை செய்தவரும் உள்ளூர்தான். நேற்று சாயங்காலம் ஒட்டுக்கடையில் (சாலையோரத் தேநீர்க் கடையில்) பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தே தாரேக் (ஆற்றிய பால் டீ) குடித்தவர். இந்த வகையில் பண்டிகைக் கதைகளுக்கென்றே தனி வாசகர் கூட்டம் இருக்கிறது. கிறிஸ்துமஸ் வரும், பனி கொட்டும், பாதை அடைபடும், உள்ளே மாட்டிக்கொண்டவர்களில் ஒருவர்தான் ஆள்.

மலேசியாவில் ரப்பரோ செம்பனையோ வளரும் தோட்டப்புற ஊரொன்றில் இப்படி ஒரு நாவலைத் தமிழில் எழுத உட்காருகிறவர்கள் கொலையாளியை முதலில் முடிவு செய்துவிட்டு, திருவிழாவைக் கடைசியில் தோரணம் மாதிரி கட்டிவிடுகிறார்கள். சறுக்குவது அங்கேதான். திருவிழா நான்கு வேலை செய்தாக வேண்டும். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டவர்களை ஊருக்கு இழுத்து வர வேண்டும். வந்தவர்களைச் சில நாள் பிடித்து வைக்க வேண்டும். யார் எப்போது எங்கே இருந்தார் என்பதற்கு ஊரே ஒப்புக்கொள்ளும் ஒரு நேரக்கணக்கைத் தர வேண்டும். சாவு விழுந்த பிறகும் கொண்டாட்டம் நின்றுபோகாமல் நடக்க ஒரு வழி விட வேண்டும். நான்காவதுதான் பலருக்கு மறந்துபோகிறது. ஆங்கிலக் கதையில் பிணத்தை எடுத்த மறுநாளே கேக் வெட்டலாம். நம் ஊரில் தீட்டு என்று ஒன்று இருக்கிறது. அதைக் கண்டுகொள்ளாத கதையை நம் வாசகர் பத்தாம் பக்கத்தில் மூடிவைத்துவிடுவார்.

தைப்பூசம்

முதலில் மனதில் வருவது இதுதான். காவடி, உருமி, பால்குடம், பத்துமலையின் 272 படிகள், 2006-இல் திறந்துவைக்கப்பட்ட 42.7 மீட்டர் முருகன் சிலை. அட்டைப்படத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் சின்ன ஊர்க் கதைக்கு இது நேர் எதிரான திருவிழா. மற்ற பண்டிகைகளுக்கு ஊர் நிறையும். தைப்பூசத்துக்குத் தோட்டப்புற ஊர் காலியாகும். பத்துமலைக்கோ, பினாங்குத் தண்ணீர்மலைக்கோ, ஈப்போ கல்லுமலைக்கோ வேன் பிடித்துக் கிளம்பிவிடுவார்கள். அந்த ஜனக்கடலுக்குள் போய்விட்டால் யாரும் யாரையும் பார்க்காமல் போவது இயல்பு. யாரிடமும் சாட்சி இல்லையென்றால் பொய் சொல்கிறவரைத் தனியாகப் பிரிக்க முடியாது. துப்பறியும் கதை அங்கேயே செத்துவிடும்.

தைப்பூசத்தையே எடுக்க ஆசைப்பட்டால் கதையைத் திருப்பிப் போடுங்கள். ஊரே போய்விட்டது, லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) தங்கிவிட்டவர்கள் ஐந்தாறு பேர்: படுத்த படுக்கையான பாட்டி, அவரைப் பார்த்துக்கொள்ளும் மருமகள், ஆலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவர், நேப்பாளக் காவலாளி, ‘உடம்பு சரியில்லை’ என்று வேனில் ஏறாமல் நின்றுகொண்ட ஒருவர். கழித்தல் கணக்கில் ஒரு மூடிய வட்டம் கிடைத்துவிடும். பூசமும் பௌர்ணமியும் ஒட்டியே வரும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். வானம் தெளிந்திருந்தால் அன்றிரவு நல்ல நிலா. ‘இருட்டில் முகம் தெரியவில்லை’ என்று சாட்சி சொன்னால் மழை மேகத்தையும் நீங்களே கொண்டுவர வேண்டும்.

தைப்பூசத்தில் மட்டும் கிடைக்கும் துப்பு ஒன்று உண்டு. காவடிக்கு மாலை போட்டு விரதம் இருப்பவர், பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் அந்த ஆண்டு காவடி எடுப்பதில்லை. ஒருவர் திடீரென்று மாலையைக் கழற்றிவிடுகிறார். கேட்டால் தீட்டு என்கிறார். பிணம் கிடைத்தது மறுநாள் காலையில். மாலை கழன்றது முந்தைய நாள் சாயங்காலம். சாவு ஊருக்குத் தெரியும் முன்பே அவருக்கு எப்படித் தெரியும்? கொலை செய்யத் துணிந்தவன் தீட்டோடு முருகனை நெருங்கத் துணியவில்லை. அவன் மனதையும் நேரத்தையும் ஒரே துப்பு காட்டிக்கொடுத்துவிடுகிறது.

தீபாவளி

ஆளைக் கூட்டும் வேலையில் தீபாவளிக்கு நூற்றுக்கு நூறு. பிடித்து வைக்கும் வேலையில் பாதி கூடத் தராது. முதல் நாள் மூதாதையருக்குப் படையல், விடிகாலை எண்ணெய்க் குளியல், கோயில், பிறகு வீடு வீடாகப் போவது, மறுநாளே மாமியார் வீட்டுக்குக் கிளம்புவது. உங்கள் கையில் இருப்பது இரண்டரை நாள். அதற்குள் ஆறு சந்தேக நபர்களை அறிமுகப்படுத்தி, விசாரித்து, விடுவித்து முடிப்பது கடினம். ஆகவே கொலையைத் தீபாவளியன்று வைக்காமல் மூன்று வாரம் முன்னதாக வையுங்கள். முறுக்கு ஆர்டர், துணிக்கடைக் கூட்டம், கொடிக்கணக்கில் தொங்கும் தையல் துணிகள், தீபாவளிச் சந்தை என்று கதை ஊர்ந்து வந்து பண்டிகையன்று முடியட்டும்.

நேரக்கணக்கும் கலவைதான். விடிகாலை நான்கு முதல் எட்டு வரை ஒவ்வொரு வீட்டிலும் யார் குளித்தார், யார் குளிக்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். பத்து மணிக்கு மேல் ஊரே நடமாட்டத்தில் இருக்கும். யாரும் எங்கேயும் இருந்திருக்கலாம். கொலை நேரம் எட்டுக்கு முன்பு என்றால் துப்பு இறுகும், பத்துக்குப் பின் என்றால் தளரும்.

தீபாவளி சம்பாதித்துக் கொடுப்பது பலகாரப் பாத்திரத்தில். பலகாரம் வந்த தட்டையோ டப்பாவையோ வெறுமனே திருப்பித் தரக் கூடாது. ஒன்றுமில்லையென்றால் ஒரு பிடி சீனியாவது போட்டுத் தருவார்கள். எவர்சில்வர் தூக்கில் பெயர் வெட்டியிருக்கும், பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் நகப்பூச்சில் ஒரு புள்ளி இருக்கும். எந்த வீட்டுப் பாத்திரம் எந்த வீட்டு அடுப்படியில் கிடக்கிறது என்பது, யார் யாரோடு பேச்சுவார்த்தையில் இருக்கிறார் என்பதற்கு எழுதாத சாசனம். இரண்டு வருடமாகப் பேசாத அண்ணன் தம்பி வீடுகளில் ஒன்றின் தூக்கு மற்றதில் காலியாக இருந்தால், யாரோ அவசரமாக வந்து அவசரமாகப் போயிருக்கிறார்.

அமாவாசையை ஒட்டி வருவதால் இரவு நல்ல இருட்டு. அக்டோபர், நவம்பரில் மேற்குக் கரையில் பிற்பகலுக்கு மேல் இடியும் மழையும் சாதாரணம். கரண்ட் போவதற்குத் தனியாகக் காரணம் கட்ட வேண்டாம். சாவுச் சோதனையிலும் தீபாவளி தேறுகிறது. செத்தவர் குடும்பமும் பங்காளிகளும் அந்த ஆண்டு கொண்டாட மாட்டார்கள், மற்ற வீடுகளில் விளக்கு எரியும். ஒரு லயத்தில் எந்தெந்த வாசலில் கோலம் இல்லை என்று பார்த்தாலே வெளியே சொல்லாத உறவு தெரிந்துவிடும்.

தோட்டத்து அம்மன் திருவிழா

எங்கள் தேர்வு இதுதான். காரணம் ஒரு மஞ்சள் கயிறு.

ஆங்கிலக் கதைக்குப் பனி செய்கிற வேலையை இங்கே காப்புக் கட்டு செய்கிறது. காப்புக் கட்டிக்கொண்டவர் திருவிழா முடியும்வரை ஊரெல்லை தாண்டி இரவு தங்கக் கூடாது. பழைய வழக்கம் ஊர் முழுவதையும் கட்டுப்படுத்தும். வேலைக்குப் போனவரும் இரவுக்குள் திரும்பிவிட வேண்டும். பாதை திறந்தே இருக்கிறது, பஸ் ஓடுகிறது, கைப்பேசியில் சிக்னல் இருக்கிறது. ஆனாலும் யாரும் போக முடியாது. இதைவிட நல்ல பூட்டு எந்த நாவலாசிரியருக்குக் கிடைக்கும்? இன்னொரு வசதி, இந்தப் பூட்டு எல்லாரையும் பூட்டாது. மளிகைக் கடைச் சீனத் தவுக்கே (முதலாளி), நேப்பாளக் காவலாளி, அம்மனை நம்பாத பேரன் ஆகியோர் போகலாம், வரலாம். அந்த இரவில் ஊரைத் தாண்டியவர் யார் என்று கேட்டாலே சந்தேகப் பட்டியல் இரண்டாகப் பிரியும்.

கொடியேற்றம், காப்பு, கரகம், பால்குடம், தீமிதி, மஞ்சள் நீராட்டு, கொடியிறக்கம் என்று அத்தியாயங்கள் தாமாகவே அமைந்திருக்கின்றன. பத்து நாள் என்றால் நாளுக்கு மூன்று அத்தியாயம், அத்தியாயத்துக்கு 1,500 சொல், மொத்தம் 45,000. ஆங்கிலத்தில் இவ்வகை நாவல் 60,000 முதல் 80,000 சொல் வரை போகும். தமிழில் வேற்றுமையும் காலமும் சொல்லோடே ஒட்டிக்கொள்வதால் அவ்வளவு தேவையில்லை. பல தோட்டங்களில் ஆள் குறைந்து திருவிழா மூன்று நாளாகச் சுருங்கிவிட்டது, தேதியையும் சனி ஞாயிறு பார்த்து வைக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரை எழுதினால் நாவலை விட்டுவிட்டுக் குறுநாவலாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளை 300 பக்கத்துக்கு இழுத்தால் மாவு நீர்த்துவிடும்.

நேரக்கணக்குக்கு இதற்கு இணை இல்லை. தீமிதிக்கு மதியமே கட்டைகளை அடுக்கிக் கொளுத்தினால்தான் சாயங்காலம் தணல் பதமாகும்; அந்தக் குழியருகே நான்கைந்து பேர் விலகாமல் நிற்பார்கள், அவர்கள் ஒருவருக்கொருவர் சாட்சி. யார் யார் காப்புக் கட்டினார்கள் என்பது கமிட்டி நோட்டில் இருக்கும். அன்னதானத்துக்கு அளவு இருக்கிறது: 100 பேருக்கு 10 முதல் 12 கிலோ அரிசி. 300 பேருக்கு என்று ரசீது போட்டு 20 கிலோ மட்டும் உலையில் விழுந்திருந்தால், சமையல்கார அம்மாவுக்குக் கால்குலேட்டர் வேண்டாம். கோயில் பணத்தில் கை வைத்தது யார் என்ற கிளைக்கதை அந்தப் பத்துக் கிலோவில் தொடங்கும்.

இனி கஷ்டம். ஊரில் பிணம் கிடந்தால் கோயில் நடை திறக்க மாட்டார்கள். இரண்டாம் நாள் கொலை விழுந்தால் மூன்றாம் நாள் பூசை இல்லை, திருவிழாவே இல்லை, உங்கள் நாவலும் இல்லை. தப்பிக்க மூன்று வழி. ஒன்று, செத்தவர் வெளியூர்க்காரர், உடல் கிடைத்தது தோட்ட எல்லைக்கு வெளியே. நேர்த்தியானது, ஆனால் கொஞ்சம் சப்பை. இரண்டு, போலீஸ் உடலைப் பிரேதப் பரிசோதனைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய்விட்டது. உடல் ஊரெல்லையில் இல்லை, ஆகவே புண்ணியாகவாசனம் (தீட்டுக் கழிக்கும் சடங்கு) செய்து நடத்தலாமா, கூடாதா என்று கமிட்டி இரண்டாகப் பிளக்கிறது. நடத்தியே ஆக வேண்டும் என்று யார் அளவுக்கு மீறி வாதாடுகிறார் என்பதைத் துப்பறிகிறவர் கவனிக்கட்டும். மூன்றாவது வழிதான் மிக நல்லது. பிணத்தைப் பார்த்த கமிட்டிக்காரர் ஒருவர் திருவிழா நின்றுவிடுமே என்று பயந்து விடியும்வரை வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிறார், அல்லது உடலை எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் நகர்த்திவிடுகிறார். அவர் கொலை செய்யவில்லை, ஆனால் நேரமும் இடமும் குழம்பிவிட்டன. பாதி நாவலுக்கு இந்தக் குழப்பம் போதும், அதற்கான காரணமும் மனிதனுடைய காரணம்.

உடலையோ ஆயுதத்தையோ பூக்குழிக்குள் போடுகிற யோசனை யாருக்கும் வரும். வேண்டாம். இதமான கதையின் வரம்பு அங்கே முறிந்துவிடும். வாசகரில் பாதிப் பேர் அந்தக் குழியில் இறங்கியவர்கள்.

மற்றவை

பொங்கல் ஒரு காலைப் பண்டிகை. பானை பொங்கி முடிந்தால் கூட்டம் கலைந்துவிடும். நல்ல சிறுகதைக்கு ஆகும். கிறிஸ்துமஸை எடுத்தால், தோட்டத்துச் சிற்றாலயத்துக்கு எப்போதாவது வரும் பாதிரியார், வீடு வீடாகப் போகும் கேரல் குழு என்று அருமையான சரக்கு இருக்கிறது. கேரல் குழு எந்த வீட்டில் எத்தனை மணிக்குப் பாடியது என்பது நடமாடும் கடிகாரம். ஆனால் ஆங்கில நாவலின் நிழல் கனமாக விழும். பிளம் கேக்குக்குப் பதில் அச்சுமுறுக்கு வைத்தால் மட்டும் அது நம் கதையாகிவிடாது.

துப்பறிகிறவர்

திருவிழாவை முடிவு செய்தால் ஆள் பாதி முடிவாகிவிடும். தீபாவளிக் கதைக்குத் தையல்கார அக்கா. எல்லா வீட்டு அளவும் அவரிடம் இருக்கிறது. ஆறு மாதத்தில் யார் இளைத்தார், யார் பருத்தார், யார் ஒரே நிறத்தில் இரண்டு வீட்டுக்குப் புடவை எடுத்தார் என்பது தெரியும். துணி கொடுக்கப் போகிற சாக்கில் எந்த வாசலிலும் நிற்கலாம். தைப்பூசத்துக்கு வேன் ஓட்டும் அண்ணன். யார் ஏறினார், யார் இறங்கினார் என்பது அவர் தொழில். அம்மன் திருவிழாவுக்கு அன்னதானக் கொட்டகையின் பெரிய சமையல்காரம்மா.

ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரை வைக்க எல்லாருக்கும் கை பரபரக்கும். ஊரில் பாதிப் பேர் அவருடைய மாணவர்கள் என்பது பலம். அவர் முன்னால் யாரும் இயல்பாகப் பேச மாட்டார்கள் என்பது பலவீனம், அது பெரிது. கிளினிக் டிரசரை (மருத்துவ உதவியாளரை) எடுத்தால் உடலைப் பார்த்ததுமே பாதி விடை சொல்லிவிடுவார். துப்பறிகிறவருக்குத் தெரியாதது நிறைய இருக்க வேண்டும்.

போலீஸ் நிலையத்துக்குள் அவரை எப்படி அனுப்புவது? மலாய் தெரியாத பாட்டிக்குத் துணையாக, மொழி சொல்லப் போகிறவராக அனுப்புங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 112-ஆம் பிரிவின்படி சாட்சியிடம் வாக்குமூலம் எடுக்கும்போது பாட்டி எந்தச் சொல்லில் தயங்கினார் என்பது, பக்கத்தில் உட்கார்ந்த அக்காவுக்குத்தான் தெரியும், விசாரணை அதிகாரிக்குத் தெரியாது. போலீசை முட்டாளாக்க வேண்டிய அவசியமே இல்லை.

தவறான ஆள் கைதாவதும் இவ்வகைக் கதையின் எலும்பு. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 117-ஆம் பிரிவின்படி கொலை போன்ற பெரிய குற்றத்துக்கு முதலில் ஏழு நாள் வரையும், பிறகு இன்னொரு ஏழு நாள் வரையும் தடுப்புக்காவல் கிடைக்கும். இரண்டாம் நாள் இரவு கொலை, மூன்றாம் நாள் கைது என்றால் முதல் ஏழு நாள் கொடியிறக்கத்தன்று முடிகிறது. சட்டமும் அம்மனும் ஒரே நாளில் கெடு வைத்திருக்கிறார்கள்; இதை விட்டுவிடாதீர்கள். தண்டனையை எழுத நேர்ந்தால், கட்டாய மரண தண்டனை 2023-இல் நீக்கப்பட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். இப்போது நடக்கும் கதையில் யாரும் ‘தூக்குதான், வேறு வழியே இல்லை’ என்று சொல்ல முடியாது.

எந்தக் காலம், எந்த மரம்

பால்மரக் (ரப்பர்) காலத்துக் கதை என்றால் காடே கடிகாரம். விடியும் முன் வெட்டத் தொடங்கி, பால் வடிந்தபின் முற்பகலில் சேர்ப்பார்கள். நிரையில் எந்த மரம் வரை புதிதாய்ச் சீவியிருக்கிறது, பால் வடியும் கடைசி மங்கில் (கிண்ணத்தில்) எவ்வளவு பால் என்று பார்த்தால் ஆள் எப்போது கத்தியை வைத்தார் என்பது தெரியும். மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்டு இல்லை. ‘காட்டில்தான் இருந்தேன்’ என்பவர் அன்றைக்குப் பொய் சொல்கிறார்.

இன்றைய கதை என்றால் செம்பனை. ஒரு பகுதியில் குலை வெட்டினால் மறுபடி அங்கே ஆள் வர ஏறக்குறைய பத்து முதல் பதினைந்து நாள் ஆகும். புதிதாக வெட்டி முடிந்த நிரையில், ஓலை அடுக்குக்குக் கீழே ஒளித்து வைத்தது அடுத்த வெட்டு வரை யார் கண்ணிலும் படாது. ஆகவே ஒளித்தவருக்கு வெட்டு அட்டவணை தெரிந்திருக்கிறது. சந்தேகப் பட்டியலில் இன்னும் இரண்டு பேர் குறைந்தார்கள். எலி பிடிக்க ஆந்தை வளர்க்கும் தோட்டங்களில் கம்பத்தின் மேல் கூண்டுப் பெட்டி இருக்கும், ஒளிப்பதற்கு அதுவும் ஆகும். நகை சின்னதாக இருக்கட்டும், ஆந்தை கோபக்காரப் பறவை.

களைக்கொல்லியைத் தொடாதீர்கள். அது தோட்டப்புற வாசகருக்குத் துப்பு அல்ல, துக்கம். பாராகுவாட் 2020-இன் தொடக்கத்திலிருந்து தடை செய்யப்பட்டும் இருக்கிறது. ஒரே ஒரு தள்ளல், படியில் ஒரு சறுக்கல், கோயில் சாமான் அறையில் விழுந்த பித்தளைக் குத்துவிளக்கு: இதமான கதைக்கு இவ்வளவு போதும்.

நோக்கத்துக்குப் பெயரெழுத்தைப் பாருங்கள். பழைய பிறப்புப் பத்திரத்தில் கிராணி (எழுத்தர்) காதில் விழுந்ததை எழுதினார். ஒரே ஆள் மூன்று தாளில் மூன்று எழுத்தில் இருப்பார். தொழிலாளர்கள் பணம் போட்டுத் தோட்டம் வாங்க, மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தாத்தா வாங்கிய பங்குத் தாள் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. அதில் உள்ள பெயர் எந்தப் பேரனுக்குப் பொருந்தும்? குடியுரிமை கிடைக்காமல், நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டையோடே செத்துப்போன பாட்டி உண்மையில் யார்? கள்ளக்காதலைவிட இவை தோட்டத்துக்கு நெருக்கமானவை.

1929-இல் ஆங்கிலத் துப்பறியும் கதாசிரியர் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைக்குப் பத்து விதி எழுதினார். துப்பறிகிறவர் கண்ட துப்பை வாசகருக்கு மறைக்கக் கூடாது என்பது இன்றும் நிற்கிறது. சீனர் யாரும் கதையில் வரக் கூடாது என்று ஒரு விதியும் அதில் உண்டு. அன்றைய மலிவுக் கதைகள் வில்லனைத் தவறாமல் சீனராக்கியதைக் குத்தும் விதி அது. நம் ஊரில் கடைப்பிடித்தால் மளிகைக் கடையே இருக்காது. ஆனால் குத்தலை நாமும் வாங்கிக்கொள்ள வேண்டும்: வங்காளதேசத் தொழிலாளியையும் இந்தோனேசியரையும் முதல் சந்தேக நபராக நிறுத்தும் வழக்கத்தை, நிறுத்துகிற பாத்திரத்தின் தவறாகக் காட்டுங்கள், உங்கள் தவறாக அல்ல.

முடிவைத் தீமிதியில் வைக்க ஆசை வரும். மஞ்சள் நீராட்டில் வையுங்கள். ஊரே மஞ்சளில் நனைந்து முகம் அடையாளம் தெரியாமல் சிரித்துக்கொண்டிருக்கும். அன்று காப்பு அவிழும், அதன்பின் யாரும் யாரையும் பிடித்து வைக்க முடியாது. சமையல்காரம்மா கடைசி அண்டாவைக் கவிழ்த்துவிட்டு, மணிக்கட்டில் கயிறு இன்னும் இருக்கும்போதே பைக்குள் பஸ் டிக்கெட் வைத்திருக்கும் ஆளின் பக்கத்தில் போய் உட்காரட்டும்.